நாலு தடவை ஷோரூம் போன பிறகும் நடுக்கொல்லையில் நிற்கிற டிராக்டர்

கேள்வி: "ஐயா, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். நாலரை ஏக்கர் நிலம். 20 மாதத்துக்கு முன்னால் 45 எச்.பி. டிராக்டர் ஒன்றைப் புதிதாக, கடன் போட்டு வாங்கினோம். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த என் மகன்தான் ஓட்டுகிறான். எங்கள் கொல்லை போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் உழுகிறோம். ரொட்டவேட்டர் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. நாலு தடவை ஷோரூமில் விட்டு எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் 'சரியாகிவிட்டது' என்கிறார்கள். இப்போது, 'நீங்கள் போடுகிற டீசல் சரியில்லை, உங்கள் பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டார்கள். வாரண்டி இரண்டு வருடம் அல்லது 2,000 மணி நேரம். இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கோபத்தில் தவணை கட்டுவதை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம். வழி சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்."

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதிலை உடனே எழுதி அனுப்பாததற்குக் காரணம் உண்டு. தக்காளிக்கு இலைச்சுருட்டு, நெல்லுக்குக் குலைநோய் என்றால் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுவேன். நான் படித்தது வேளாண்மை, எந்திரம் அல்ல. அதனால் நேரில் வந்து பார்த்தேன். வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டேன். அப்படிப் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். டிராக்டர் மட்டுமல்ல, பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, மோட்டார் பம்பு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில்: தவணையை நிறுத்தாதீர்கள்

வண்டி விற்றவர் ஒருவர். கடன் கொடுத்தவர் இன்னொருவர். வண்டி ஓடவில்லை என்பது கடன் கொடுத்தவருக்குக் காரணம் ஆகாது. தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், வட்டி ஏறும், அடுத்த பயிர்க்கடன் கேட்கும்போது அந்தக் கணக்கு குறுக்கே வந்து நிற்கும். கடைசியில் வழக்குப் போட நினைத்தால், பரிசோதனைக்குக் காட்ட வண்டியே உங்கள் கையில் இருக்காது. கோபம் நியாயம்தான். அதைக் காட்ட வேண்டிய இடம் கடன் கொடுத்தவரிடம் அல்ல.

ஜாப் கார்டில் என்ன எழுதியிருந்தது?

வந்ததும் உங்களிடம் ஜாப் கார்டுகளைக் கேட்டேன். நாலு தடவை போனதற்கு மூன்றுதான் இருந்தன. ஒரு தடவை, "சின்ன வேலைதானே" என்று கார்டு போடாமலே செய்து கொடுத்திருக்கிறார்கள். இருந்த மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வரி: டீசல் ஃபில்டர் மாற்றப்பட்டது, ஏர் எடுக்கப்பட்டது, வண்டி ஓ.கே. கீழே உங்கள் மகனின் கையெழுத்து.

"ரொட்டவேட்டர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் நிற்கிறது" என்கிற உங்கள் குறை மூன்றில் ஒன்றில்கூட இல்லை. காகிதத்தை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இது வழக்கமாக ஃபில்டர் மாற்றிக்கொண்ட வண்டி, உரிமையாளர் திருப்தி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார். நாலு தடவை அலைந்த அலைச்சல் காகிதத்தில் ஏறவே இல்லை.

இன்னொன்றும் கேட்டேன்: "சரிசெய்த பிறகு எப்படி ஓட்டிப் பார்த்தார்கள்?" ஷோரூம் முற்றத்தில் பத்து நிமிடம், கலப்பை மாட்டாமல். ஒரு மணி நேரம் பாரம் இழுத்தால்தான் வருகிற கோளாறு, பாரமே இல்லாத பத்து நிமிடத்தில் எப்படி வரும்? அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டியவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. கோளாறு வருகிற நிலையில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

"வண்டி நிற்கிறது" என்றால் மெக்கானிக்குக் காது நிறையாது. எப்படி நிற்கிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. நண்பர் சொன்ன மூன்று வகை இவை.

ஒன்று, இருமி, ஏறி இறங்கி, இழுவை குறைந்து நிற்பது. இது பெரும்பாலும் டீசல் போய்ச் சேராத கோளாறு. டாங்க் மூடியில் காற்று போகிற சிறு துளை அடைபட்டிருக்கலாம். டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நின்றுவிடும். டாங்கின் வாயில் குப்பை அடைக்கலாம். ரப்பர் குழாயின் உள்பக்கம் உரிந்து மடங்கலாம். இணைப்பு வாஷர் வழியாகக் காற்று உள்ளே போகலாம். ஃபீடு பம்பு பலவீனமாக இருக்கலாம்.

இரண்டு, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நிற்பது. என்ஜினை நிறுத்துவதற்கு மின்சார சொலினாய்டு உள்ள வண்டிகளில் அதையும் அதன் ஒயர், ஃபியூஸ், ரிலேவையும் பார்க்க வேண்டும். சூடேறியதும் விட்டுப்போய், ஆறியதும் பிடித்துக்கொள்ளும் கோளாறு இதில் உண்டு.

மூன்று, வெப்ப முள் சிவப்புக்கு ஏறி, இழுவை குறைந்து திணறுவது. ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசும் களை விதையும் அடைந்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்தது. அந்த வண்டிகளில் காமன் ரெயில், சென்சார் என்று மின்னணுப் பாகங்கள் அதிகம். அவற்றில் கோளாறு எண்ணை ஸ்கேனர் போட்டுப் பார்த்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். உங்களுடையது 45 எச்.பி., பழைய முறை பம்பு. பார்ப்பது சுலபம்.

ஒரு கோடு போட்ட நோட்டு

உங்கள் மகனிடம் நான் வாங்கித் தரச் சொன்னது ஒரு நோட்டும் பேனாவும்தான். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் இவற்றை எழுதச் சொன்னேன்: தேதி, நேரம், ஹவர் மீட்டர் எண், என்ன வேலை, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது, டாங்கில் டீசல் எவ்வளவு, வெப்ப முள் எங்கே, எப்படி நின்றது, எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. டீசல் போட்ட பங்க் ரசீதை அதே பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். "டீசல் சரியில்லை" என்கிற பேச்சுக்கு அதுதான் பதில்.

பத்து நாளில் ஏழு தடவை நின்றதை அவர் எழுதியிருந்தார். ஏழும் இருமி நின்றவை. ஏழிலும் வெப்ப முள் பச்சையில். டிரெய்லர் இழுத்த இரண்டு நாளும் நிற்கவே இல்லை. டாங்க் நிறைந்திருந்தபோது தாமதமாக நின்றது. பாதிக்குக் கீழே இறங்கியபோது சீக்கிரம் நின்றது. இந்தக் கடைசி விஷயம் நாலு தடவை ஷோரூம் போனபோதும் தெரியவில்லை. பத்து நாள் நோட்டில் தெரிந்தது.

செல்போனில் வீடியோ எடுப்பதும் நல்லது. ஹவர் மீட்டரும் வெப்ப முள்ளும் தெரிகிற மாதிரி, வண்டி நிற்கும் தருணத்தை எடுத்து வையுங்கள்.

வாரண்டி இருக்கும்வரை ஊர் மெக்கானிக்கை வைத்துப் பிரிக்க வேண்டாம். "வெளியே கைவைத்துவிட்டீர்கள்" என்கிற ஒரே வார்த்தையில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். நீங்களே செய்யக்கூடிய ஒரே சோதனை டாங்க் மூடிதான். வண்டி இருமத் தொடங்கும்போது நிறுத்தி, மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி நன்றாக ஓடினால் மூடித் துளைதான் காரணம். உங்கள் வண்டியில் அப்படி நடக்கவில்லை. அப்படியானால் கோளாறு அதற்குக் கீழே.

எழுதிக் கொடுத்ததும் நடந்தது

அடுத்த வேலை கடிதம். வாயால் சொன்னதை யாரும் மறுக்கலாம். ஷோரூமுக்கும், அதன் நகலாக நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், ஒப்புகையுடன் தபாலில் அனுப்பச் சொன்னேன். மாதிரி இது, தேவைப்படுகிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

"… தேதியில் உங்களிடம் வாங்கிய டிராக்டர், என்ஜின் எண் …, சேசிஸ் எண் …. இது ரொட்டவேட்டர் வேலையில் சுமார் 40 முதல் 60 நிமிடத்தில் இருமி நின்று, 15 முதல் 20 நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதே குறைக்காக … , … , … , … தேதிகளில் உங்களிடம் விட்டேன். குறை தீரவில்லை. வண்டி நின்ற நாட்களின் குறிப்பை இணைத்துள்ளேன். வாரண்டி … தேதி வரை உள்ளது. 15 நாட்களுக்குள் உங்கள் சர்வீஸ் பொறியாளரை அனுப்பி, என் நிலத்தில், ரொட்டவேட்டர் மாட்டி, குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்தக் குறை வாரண்டிக் காலத்தில் தெரிவிக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்."

இதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. தேதியும் எண்ணும் கேட்பதும் மட்டும்தான். கடைசி வரி முக்கியம். வாரண்டிக்குள் சொன்ன குறை, வாரண்டி முடிந்த பிறகும் அவர்கள் தீர்க்க வேண்டிய குறைதான் என்று நாளைக்கு நீங்கள் வாதாட அது பிடிமானம்.

பன்னிரண்டாம் நாள் பொறியாளரும் ஒரு மெக்கானிக்கும் வந்தார்கள். நானும் வரப்பில் நின்றேன். 50 நிமிடம் ஆனதும் வண்டி இருமியது, நின்றது. மெக்கானிக் உடனே டாங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்தார். டீசல் நூல் மாதிரிதான் இறங்கியது. மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. குழாயை அடைத்து 20 நிமிடம் காத்திருந்து மறுபடி திறந்தார். விரல் கனத்துக்கு ஊற்றியது. பொறியாளர் ஒன்றும் பேசவில்லை. டாங்கை இறக்கச் சொன்னார்.

டாங்கின் உட்பூச்சு உரிந்து, கட்டைவிரல் நகம் அளவில் சில்லுகளாகக் கிடந்தன. ரொட்டவேட்டர் வேலையில் என்ஜின் அதிக டீசல் இழுக்கும்போது சில்லு வந்து டாங்கின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. வண்டி நின்றதும் இழுவை இல்லாமல் மெதுவாக விலகிவிடுகிறது. டீசல் மட்டம் இறங்க இறங்க சில்லுக்கு வாய் பக்கமாகிறது.

இப்போது அந்த ஃபில்டர் கதையும் புரிகிறது. வண்டி நின்றதும் ஃபில்டரை மாற்றுகிறார்கள். மாற்றி முடிக்க அரை மணி நேரம். அதற்குள் சில்லு தானாகவே விலகியிருக்கும். ஸ்டார்ட் செய்தால் வண்டி ஓடும். ஃபில்டர்தான் காரணம் என்று மெக்கானிக் நம்பியதில் வியப்பில்லை. காய்ச்சல் தானாக விட்ட அன்று குடித்த கஷாயத்துக்குப் பெயர் கிடைக்கிற மாதிரி. ஆனால் அதே குறை இரண்டாம் தடவை வந்தபோதே வேறு காரணம் தேடியிருக்க வேண்டும்.

எல்லா டிராக்டரும் இதனால்தான் நிற்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே உதவியது டாங்க் பற்றிய அறிவு அல்ல. கோளாறு வருகிற இடத்தில், கோளாறு வருகிற வேலையில் ஓட்டிப் பார்த்ததுதான்.

டாங்க் மாறியது, மற்றது?

புதிய டாங்க் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு 60 மணி நேரத்துக்கு மேல் ரொட்டவேட்டர் ஓடியும் நிற்கவில்லை என்று உங்கள் மகன் போனில் சொன்னார். ஆனால் ஃபில்டருக்கும் கூலிக்கும் உங்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்ப மாட்டோம், வாடகை போனதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். "இதை விட்டுவிடவா?" என்று கேட்டீர்கள்.

அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய வேண்டிய தகவலைத் தருகிறேன்.

முதல் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் அல்லர். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்னத் தொகைக்குப் பல நேரம் இதுவே போதும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு உதவுகிறவை இவை:

ஷோரூம் கிருஷ்ணகிரியில் இருக்கட்டும், நிறுவனத்தின் தலைமையிடம் மும்பையில் இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரியிலேயே, புகார் கொடுக்கலாம்.

பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய்.

வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே பேசலாம். இணையத்திலும் பதியலாம்.

காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். "பேசிக்கொண்டிருந்தோம், கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்" என்பதால் இந்தக் கெடு தானாக நீளாது. நீங்கள் 20 மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ஷோரூம், நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இடம் இருக்காது.

சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் ஆகும். இரு தரப்பும் சம்மதித்தால் சமரச மையத்துக்கு அனுப்பவும் வழி உண்டு.

"வாடகைக்கு ஓட்டினால் நுகர்வோர் இல்லை" என்பார்கள்

இதைச் சொல்லி மிரட்டுவது வழக்கம். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதை வியாபார நோக்கம் என்று கொள்ளக்கூடாது என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது.

இதற்கு அடிப்படையான வழக்கு நம் கோயம்புத்தூரோடு சம்பந்தப்பட்டது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் எந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் வாங்கியது பெரிய தொழிலுக்கான எந்திரம் என்பதால் அது நுகர்வோர் அல்ல என்று முடிவானது. ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டோவோ காரோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான்; ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டதால் அவர் நுகர்வோர் இல்லை என்று ஆகாது; முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டச்சொன்னால்தான் நிலைமை வேறு என்று விளக்கியிருக்கிறார்கள். உங்கள் வண்டியை உங்கள் மகன் ஓட்டுகிறார். அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஐந்து டிராக்டர் வாங்கி ஆள் போட்டு வாடகைக்கு விடுகிறவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பது கடினம்.

விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவில் இருக்கட்டும்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

"வண்டியை மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் முழுப் பணத்தைக் கொடு" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கிடைப்பது சுலபம் அல்ல. காரின் கிளட்ச் கோளாறு பற்றிய மாருதி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றுவதாகத்தானே எழுதியிருக்கிறது, காரையே மாற்று என்று எப்படிச் சொல்வது என்று கேட்டது. வண்டியின் அடிப்படையிலேயே தயாரிப்புக் குறை இருக்கிறது என்று காட்டினால்தான் பெரிய நிவாரணம். அதற்கு நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆணையத்திடம் மனுப் போட்டு, ஆட்டோமொபைல் தெரிந்த ஒருவரை நியமித்து ஆய்வு செய்யக் கேட்கலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் புதிதாக வாங்கிய டீசல் காரில் குறைகள் இருந்த வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள காரைப் புதிய கார் என்று விற்றதையும், குறையை ஒப்புக்கொள்ளாமல் மறுத்துக்கொண்டே வழக்காடியதையும் கடுமையாகக் கண்டித்தது.

அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்த 'லெமன்' சட்டத்தில், புதிய காரின் ஒரே குறைக்கு இத்தனை தடவை பழுது பார்த்தும் தீரவில்லை என்றால் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கையே உண்டு. நம் சட்டத்தில் அப்படி எண்ணிக்கை இல்லை. அதனால்தான் எத்தனை தடவை என்பதை நாமே காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. ஆகவே வண்டியை மாற்றக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஃபில்டர், கூலிக்கு வாங்கிய பணம், நின்ற நாட்களின் வாடகை இழப்பு, அலைச்சலுக்கு ஈடு, புதிய டாங்குக்கு எழுத்தில் வாரண்டி — இவற்றைக் கேளுங்கள். வாடகை இழப்புக்கு, வேலை கொடுத்து ரத்து செய்தவர்களிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். தோராயமாகப் பெரிய தொகை போட்டால் நம்பிக்கை போய்விடும்.

நான் சொன்ன ஒரு தவறான யோசனை

இவ்வளவு விவரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 20 வருடத்துக்கு முன்னால், வேறு ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு விவசாயி புதிய பவர் டில்லரோடு இதே மாதிரி அலைந்தார். கியர் தானாக நழுவும். என்னிடம் வந்து கேட்டார். "நம்ம பக்கத்துக் கடைக்காரர்தானே, சண்டை வேண்டாம், பொறுத்துப் போங்க, செய்து கொடுப்பார்" என்றேன். அவர் என் பேச்சைக் கேட்டுப் பொறுத்தார். ஆறு தடவை கொண்டுபோனார். ஒரு காகிதமும் வாங்கவில்லை. வாரண்டி முடிந்த அடுத்த மாதம் பெரிய பில் போட்டார்கள். கடைசியில் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டுக் கடனை மட்டும் கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு அலுவலகத்துக்கும் வரவில்லை.

பொறுமையாக இருங்கள் என்று இப்போதும் சொல்வேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

இதையொட்டி மேலும் இரண்டு கேள்விகள்

"மானியத்தில் வாங்கிய களையெடுக்கும் கருவி ஒரு மாதத்தில் பழுது. மானியப் பொருளுக்குப் புகார் கொடுக்க முடியுமா?" — பாலக்கோடு வாசகர்

தாராளமாக. உங்கள் பங்கைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அரசுத் திட்டத்தில் விற்கிற நிறுவனம் துறையின் பேச்சைக் கேட்காமல் இருப்பது கடினம். அங்கேயும் நகலில் முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் 1915, பிறகு ஆணையம். 5 லட்சத்துக்குக் கீழ் என்பதால் கட்டணம் இல்லை.

"டிராக்டர் ஷோரூமில் 20 நாளாக நிற்கிறது. நாற்று தயாராகிவிட்டது. என்ன செய்வது?" — காரிமங்கலம் வாசகர்

நாற்று காத்திருக்காது, முதலில் உழவைப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியாகவும் முன்பதிவு செய்யலாம். கொடுத்த வாடகைக்கு ரசீது வாங்கி வையுங்கள். வண்டி ஷோரூமில் இருந்த நாளில் நீங்கள் வெளியே கொடுத்த வாடகை, பின்னால் ஈடு கேட்கும்போது யாரும் மறுக்க முடியாத கணக்கு. வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். உங்கள் குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "குறை தீர்ந்ததா என்று வயலில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்" என்று கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதிவிட்டு வண்டியை எடுங்கள்.